பாணேர்க் குன்றும் பர்மிட் ரூமும்

புனேயில் ஒரு தலைமுறைக்கு முன் குடியேறிய நம் குடும்பங்களுக்குப் பாணேர் என்ற பெயர் அவ்வளவு பழக்கமானதன்று. கட்கியும் தாபோடியும் ராஸ்தா பேட்டையும் கன்டோன்மென்ட்டுமே அவர்கள் அறிந்த புனே. அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், அரிசிக் கடை எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. பல்கலைக்கழகச் சதுக்கத்திலிருந்து வடமேற்கே செல்லும் சாலையின் கோடியில் பாணேர் என்று ஒரு சிற்றூர் உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தவர்கள் சிலரே. இன்றோ ஹிஞ்சவாடியின் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ் இளைஞர்களுள் பலர் குடியிருப்பது பாணேரிலும் அதை அடுத்த பாலேவாடியிலும்தான். சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் புதிதாக வரும் முகங்களை விசாரித்தால், பாதிப்பேர் அந்தத் திசையையே காட்டுகிறார்கள்.

எங்கள் நண்பர் ஒருவர் பாணேரில் வீடு வாங்கிப் பத்தாண்டுகள் ஆகின்றன. "ஒருமுறை குடும்பத்தோடு வாருங்கள். காலையில் குன்றின்மேல் ஏறுவோம். மாலையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்கூட்டம் இருக்கிறது, அதையும் வேடிக்கை பார்க்கலாம்" என்று அழைத்திருந்தார். 2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறன்று புறப்பட்டோம். குன்றைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் திரும்பும்போது மனத்தில் நிறைந்திருந்தது கூட்டமே. இரண்டையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

புனேயில் ஆடி மாதம் நம் ஊரைப் போல் காற்று மாதமன்று, மழை மாதம். நாங்கள் போன அன்று தூறல் நின்று, மேகம் மட்டும் தாழ்ந்து நின்றது. ஊரை ஒட்டி எழுந்து நிற்கும் குன்றின் உச்சியில் துகாயி அன்னையின் கோயில் இருக்கிறது. படிகள் செங்குத்தானவை அல்ல. முதியவர்களும் நின்று நின்று ஏறிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் இக்குன்று மொட்டையாகக் கிடந்ததாம். ஊர்த் தொண்டர்கள் பல ஆண்டுகள் மரக்கன்று நட்டு, கோடையில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்ததன் பயன், இன்று வேம்பும் புங்கும் நிழல் தருகின்றன. எங்களுக்கு முன்னால் ஏறிய ஒரு முதியவர் கையில் தண்ணீர்க் குடுவை வைத்திருந்தார். குடிப்பதற்கென்று நினைத்தோம். அவர் வழியில் நின்ற ஓர் இளங்கன்றின் அடியில் அதை ஊற்றிவிட்டு மேலே நடந்தார்.

உச்சியிலிருந்து பார்த்தால் பாணேரின் வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. வடக்கே முளா ஆறு. அடிவாரத்தில் பழைய கிராமம். அங்கே பைரவநாதர் கோயிலும், ஓட்டு வீடுகள் சிலவும். மேற்கே மும்பையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை. அதற்கருகே பாலேவாடியின் சிவ சத்ரபதி விளையாட்டு வளாகம். 1994-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. இவற்றுக்கு இடையில் மிச்சமிருக்கும் இடத்தையெல்லாம் அடுக்கு மாடிகள் நிரப்பியிருக்கின்றன. 1997-இல் இவ்வூர் புனே மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. அதுவரை ஊராட்சியாக இருந்த மண் அது. சோளமும் காய்கறியும் விளைந்த வயல்கள், சர்வே எண்கள் மட்டும் மாறாமல், கட்டடங்களாகிவிட்டன.

இறங்கும் வழியில் பாணேஷ்வரர் குகைக் கோயிலுக்குப் போனோம். பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில். வெளியே எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் உள்ளே குளிர்ச்சியும் அமைதியும் நிலவுகின்றன. பாண்டவர் தங்கிய குகை என்று ஊரார் சொல்கிறார்கள். பாண்டவர் தங்காத மலை இந்நாட்டில் ஏது என்று நண்பர் நகைத்தார். கோயிலிலிருந்து வெளியே வந்து நூறு அடி நடந்தால் பாணேர் சாலையின் உணவு விடுதிகள் தொடங்கிவிடுகின்றன. வரிசையாகப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்த எங்கள் மகள், "அப்பா, பர்மிட் ரூம் என்று இத்தனை இடத்தில் எழுதியிருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டாள்.

கேள்வி சிறியது, விடை பெரியது. நண்பர் வீட்டில் பகலுணவு உண்ட பிறகு அதைப்பற்றிப் பேச்செழுந்தது.

மதுவிலக்கு என்றால் நம்மவர்க்கு நினைவு வருவது சேலம். 1937-இல் இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது அம்மாவட்டத்தில்தான் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. 1939-இல் பம்பாய் நகரிலும் காங்கிரஸ் அமைச்சரவை அதைத் தொடங்கிற்று. விடுதலைக்குப்பின், சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்தது. பம்பாய் மாகாணம் 1949-இல் மதுவிலக்குச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை எதிர்த்துப் பல்சாரா என்பவர் தொடுத்த வழக்கில், 1951-இல் உச்ச நீதிமன்றம் சில பகுதிகளை நீக்கிவிட்டுப் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது. பின்னாளில் தடை தளர்ந்தது. ஆனால் சட்டம் எடுக்கப்படவில்லை. 1949-ஆம் ஆண்டுச் சட்டம், பெயரில் பம்பாய் போய் மகாராஷ்டிரம் வந்ததே தவிர, இன்றும் அதே சட்டந்தான். எல்லாருக்கும் தடை, அனுமதிச் சீட்டு உடையவர்க்கு மட்டும் விலக்கு என்பதே அதன் அமைப்பு. அந்தப் பர்மிட்டைக் காட்டிக் குடிக்கும் அறை பர்மிட் ரூம் ஆயிற்று. விதி விலக்காக வந்த சொல் விளக்குப் போட்ட பெயர்ப் பலகையாகிவிட்டது. கடுமதுவுக்கு இருபத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும், பீருக்கு இருபத்தொன்று என்ற விதியும் அச்சட்டத்தின் வழியில் வந்ததே.

நம் தமிழ்நாடு வேறு வழியில் போயிற்று. 1971-இல் தடை தளர்ந்தது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடி நீங்கிற்று. 2003-இல் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகமே எடுத்துக்கொண்டது. அங்கே கடைக்காரர் அரசு. எதிர்ப்பவர் அரசை எதிர்க்க வேண்டும். காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்தில் உயிர் நீத்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே கடைக்காரர் தனியார். உரிமம் கொடுப்பது அரசு. ஆகவே இங்கே கேள்வி வேறு: உரிமம் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

பேச்சு இவ்வளவில் நின்றது. ஏனெனில், வாசல் மணி ஒலித்தது. வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை. கையில் ஒரு தூக்குப் பாத்திரம். "அக்கா, இன்று பாயசம் செய்தோம். விருந்தாளி வந்திருப்பதாகச் சொன்னார்கள்" என்று நண்பரின் மனைவியாரிடம் கொடுத்தார். கட்டடத்தின் தரைத்தளத்தில் உள்ள உணவு விடுதியின் தலைமைச் சமையற்காரர் அவர். உசிலம்பட்டிப் பக்கத்தவர். பாணேருக்கு வந்து ஆறாண்டுகள். மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள்.

பாயசத்தைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை. நின்றுகொண்டே, "சார், சாயங்காலம் கூட்டத்தில் நீங்கள் எங்கள் பக்கம் கை தூக்க வேண்டும்" என்றார். விஷயம் இதுதான். விடுதி உரிமையாளர் மதுவறைக்கு உரிமம் கேட்டு மனுச் செய்யப் போகிறார். அதற்குமுன் கட்டடத்துச் சங்கத்தின் ஆட்சேபமில்லாக் கடிதத்தை வாங்கிவிட விரும்புகிறார். அது கிடைத்தால் விடுதி இரவிலும் நடக்கும். சமையற்காரருக்கும் ஊதியம் உயரும். மனைவி மக்களை அழைத்து வந்து வாடகை வீடு எடுக்கலாம். கிடைக்காவிட்டால், விடுதியை மூடிவிட்டு இடத்தை வங்கி ஒன்றுக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சேட் சொல்லிவிட்டார்.

நண்பர் மௌனமாக இருந்தார். அவர் மனைவியார்தாம் கேட்டார்: "தம்பி, உன் அப்பா எப்படி இறந்தார் என்று நீதானே எனக்குச் சொன்னாய்?"

சமையற்காரர் தலை குனிந்தார். "குடித்துத்தான் இறந்தார், அக்கா. நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. ஆனால் என் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அவன் என்னைப் போனில்தான் பார்க்கிறான்." இவ்வளவு சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பாயசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று எங்களில் எவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை.

பின்னர் நண்பர் உரிமத்தின் வழிமுறையை எங்களுக்கு விளக்கினார். மதுவறை உரிமம் கொடுப்பது மாநகராட்சி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. மனு மாநில எக்ஸைஸ் இலாகாவுக்குப் போகிறது. ஆணையிடுபவர் மாவட்டக் கலெக்டர். கட்டடம் வரைபடப்படி இருக்கிறதா, தீயணைப்பு ஏற்பாடு உண்டா, மொட்டை மாடியில் கூரை போட்டிருக்கிறார்களா என்பன மாநகராட்சியின் கவலை. ஆகவே, இரவு இரைச்சலைப் பற்றி வார்டு அலுவலகத்துக்குப் போனால் போலீசுக்குப் போகச் சொல்வார்கள்; போலீசுக்குப் போனால் எக்ஸைஸ் இலாகாவைக் காட்டுவார்கள். போதாக்குறைக்கு, நாங்கள் போன அந்த ஆடி மாதத்தில் புனேக்கு மாமன்றமே கிடையாது. 2022 மார்ச்சில் அதன் காலம் முடிந்தபின் மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடக்காமல், நிர்வாகியே மாநகராட்சியை நடத்தி வந்தார். வார்டு உறுப்பினரிடம் முறையிடலாமென்றால், முறையிட உறுப்பினர் இல்லை. 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது.

இங்கிலாந்தில் இதற்கு வேறு ஏற்பாடு. அங்கே 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம், மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்த இந்த அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களுக்கு மாற்றியது. 2005 நவம்பர் முதல் அது நடப்பில் உள்ளது. குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, குழந்தைகளின் காப்பு என்ற நான்கு நோக்கங்களை வைத்தே மன்றம் முடிவு செய்ய வேண்டும். அண்டை வீட்டார் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் விசாரணை நடத்த வேண்டும். குடிப்பது பாவமா புண்ணியமா என்று அங்கே எவரும் வாதிட முடியாது; இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்தக் கதவு வழியாக நடந்தால் யாருக்கு என்ன நேரும் என்பதே கேள்வி. இலண்டனில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் அத்தகைய விசாரணையில் ஐந்து நிமிடம் பேசியதை இன்றும் பெருமையாகச் சொல்வார்.

மகாராஷ்டிரத்திலும் மக்கள் குரலுக்கு ஒரு வழி இல்லாமலில்லை. வாக்காளர்களில், அல்லது பெண் வாக்காளர்களில், நான்கில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கேட்டால், தம் கிராமத்தில் அல்லது வார்டில் மதுக்கடை வேண்டுமா என்று இரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். வாக்குச் சீட்டில் இரண்டு சின்னங்கள்: நிற்கும் புட்டி, படுத்த புட்டி. கடை இருக்கட்டும் என்பவர் நிற்கும் புட்டிக்கும், மூடட்டும் என்பவர் படுத்த புட்டிக்கும் முத்திரையிடுவர். எழுத்தறியாத பாட்டியும் தவறாமல் வாக்களிக்கக்கூடிய சின்னங்கள். ஆனால் வந்து வாக்களித்தோரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சொன்னால் போதாது. அதைவிடக் கடினமான பெரும்பான்மை வேண்டும். சிற்றூர்ப் பெண்கள் இவ்வழியில் கடைகளை மூடியிருக்கிறார்கள். பாதி வீடுகளில் வாடகைக்கு இருப்பவரும், வேறு மாநிலத்தில் வாக்குரிமை உடையவரும் வாழும் பாணேர் போன்ற இடத்தில் அது எளிதன்று. நம் குடும்பங்களில் எத்தனை பேரின் பெயர் புனே வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பாணேரின் நெடுஞ்சாலை ஓரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இவ்விஷயத்தில் ஓர் உறவு உண்டு. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில்தான், நெடுஞ்சாலைகளிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மது விற்கலாகாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் முதல் நாள் நாடெங்கும் பல கடைகளும் விடுதி மதுவறைகளும் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் செல்லும் நெடுஞ்சாலைகளுக்கு அத்தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கியது. பாணேர் 1997-லேயே நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஊரல்லவா? விளக்குகள் திரும்ப எரிந்தன.

மீண்டும் ஒருமுறை விளக்குகள் அணைந்தது 2024-இல். அவ்வாண்டு மே 19 பின்னிரவில், கல்யாணி நகரில் மது அருந்திய பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி, இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தார்கள். முந்நூறு சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்ததைக் கேட்டு நாடே கொதித்தது. அதன்பின் எக்ஸைஸ் இலாகா பல மதுவகங்களுக்கு முத்திரையிட்டது. மாநகராட்சி அனுமதியில்லாத கூரைகளை இடித்தது. இறந்தவர்கள் இருவரும் வெளி மாநிலத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள். நம் பிள்ளைகளைப் போன்றவர்கள். அச்செய்தியைப் படித்த அன்று எத்தனை தமிழ்த் தாய்மார் புனேக்குத் தொலைபேசியில் பேசினார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

2025 மார்ச்சில் அன்றைய துணை முதலமைச்சர் அஜித் பவார், குடியிருப்புச் சங்கங்களின் கட்டடங்களில் புதிதாகப் பீர்க் கடையோ மதுக்கடையோ திறக்க வேண்டுமானால் அச்சங்கத்தின் ஆட்சேபமில்லாக் கடிதம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு கடைகளைக் குறித்ததுதான். ஆனாலும் நம் விடுதி உரிமையாளர், மேல்வீட்டாரை ஒதுக்கிவிட்டு மனுச் செய்ய விரும்பவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாலை ஆறு மணிக்குக் கட்டடத்தின் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், நாற்காலிகள் போட்டுக் கூட்டம் தொடங்கியது. பேச்சு மராத்தியிலும் இந்தியிலும் கலந்து நடந்தது. எங்களுக்கு வாக்கில்லை; பின்வரிசையில் அமர்ந்தோம்.

முதலில் விடுதி உரிமையாளர் பேசினார். ஐம்பது வயது, உழவர் வீட்டுப் பிள்ளை என்பது கைகளில் தெரிந்தது. "இந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் என் தந்தை சோளம் விதைத்தார். நீங்களெல்லாம் வந்த பிறகுதான் நான் கடைக்காரன் ஆனேன். உங்கள் குழந்தைகளின் பிறந்த நாளுக்கு என் கடையில்தான் சாப்பாடு. ஆனால் மது இல்லாத விடுதிக்கு இரவு எட்டு மணிக்குமேல் கூட்டம் வருவதில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். நான் திருட்டுத்தனமாக விற்கவில்லை. வரி கட்டி, உரிமம் எடுத்து, முறையாகச் செய்கிறேன் என்கிறேன்" என்றார். வரியைப் பற்றி அவர் சொன்னதும் பொய்யன்று. வரியும் உரிமக் கட்டணமும் ஏறியதை எதிர்த்து 2025 ஜூலை 14 அன்று மாநிலமெங்கும் மதுவகங்கள் ஒருநாள் அடைத்திருந்தன.

அடுத்து எழுந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எல்லாரும் அவரை ஆஜி என்று அழைத்தார்கள். "நான் யாரையும் குடிக்காதே என்று சொல்லவில்லை. என் படுக்கையறைச் சன்னல் உன் சமையலறைப் புகைக்குழாய்க்கு மேலே இருக்கிறது. புகையைப் பொறுத்துக்கொண்டேன். இரவு ஒன்றரை மணிக்கு வாசலில் நின்று சண்டை போடுபவர்களை எப்படிப் பொறுப்பது? அதை மட்டும் சொல்" என்றார்.

ஓர் இளைஞர் எழுந்து, தாம் குடிப்பவர் என்று நாணாமல் சொன்னார். "கீழே இருந்தால் நான் நடந்து வீடு திரும்புவேன். இல்லாவிட்டால் நெடுஞ்சாலைக்கு வண்டியில் போவேன். எது ஆபத்து?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் யோசித்தார்கள்.

பின்பு நிபந்தனைகள் பேசப்பட்டன. பதினொரு மணிக்கு மூட வேண்டும்; வெளியிடத்தில் மேசை போடலாகாது; குடியிருப்பின் வாயிற்பக்கக் கதவை அடைத்துச் சாலைப்பக்கம் மட்டும் திறக்க வேண்டும்; காவலாள் ஒருவரை அவரே நியமிக்க வேண்டும். உரிமையாளர் மூன்றுக்கு இசைந்தார். முதலாவதற்கு மட்டும் இசையவில்லை. "பதினொரு மணிக்கு மூடினால் உரிமக் கட்டணத்துக்கே காணாது" என்றார். கூட்டம் அங்கே முறிந்தது.

கை தூக்கும் நேரம் வந்தது. எங்கள் நண்பரைப் பார்த்தோம். அவருடைய மகள் இரவுப் பணி முடிந்து பதினொன்றரைக்கு அந்த வாயில் வழியாகத்தான் வீடு திரும்புகிறாள். தூணருகே சமையற்காரர் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் நண்பரைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் கொடுக்கலாம் என்போர் கை தூக்கினார்கள். நண்பர் தூக்கவில்லை. கூடாது என்போர் தூக்கினார்கள். நண்பர் தூக்கினார். சில வாக்குகள் வேறுபாட்டில் கோரிக்கை தோற்றது.

வீட்டுக்கு ஏறி வரும்போது நண்பர், "நான் செய்தது சரிதானே?" என்று எங்களைக் கேட்டார். சரி என்றுதான் சொன்னோம். ஆனால் அந்தச் 'சரி' தொண்டையில் சற்று நின்றே வந்தது. மகளின் பாதையைக் காத்த அதே கை இன்னொரு குழந்தையின் வருகையைத் தள்ளிவைத்துவிட்டதல்லவா? குடியின் கேட்டை அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் சமையற்காரர்தாம். அவரே அதற்கு ஆதரவு தேடி வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. நல்லவர் கெட்டவர் என்று இரண்டு அணி பிரித்துப் பேசும் மேடைப் பேச்சுகளில் இத்தகையவருக்கு இடம் கிடைப்பதில்லை.

பின்னர் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு திங்கள் கழித்து நண்பர் தொலைபேசியில் பேசினார். உரிமையாளர் விடுதியை உடனே மூடிவிடவில்லை. காலைச் சிற்றுண்டியைச் சேர்த்து நடத்திப் பார்க்கிறார். சமையற்காரர் நெடுஞ்சாலைப் பக்கத்து விடுதி ஒன்றுக்குப் போய்விட்டார். அங்கே மதுவறை உண்டு, ஊதியமும் கூடுதல். புறப்படும் நாளன்று நண்பர் வீட்டுக்கு வந்து, "வருகிறேன் அக்கா" என்று சொல்லிக்கொண்டு போனாராம். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த தெருவில், மேல்வீடுகள் இல்லாத தனிக் கட்டடம் ஒன்றில், புதிய பர்மிட் ரூம் பலகை ஏறியிருக்கிறது. அதன் பின்சுவரை ஒட்டி வாழ்பவர்கள் கூலி வேலை செய்யும் குடும்பத்தினர். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, பொதுக்கூட்டமும் இல்லை. அவர்களிடம் கடிதம் கேட்டு எவரும் வரவில்லை.

இதுதான் எங்கள் மனத்தை உறுத்துகிறது. கடிதம் கொடுக்கவும் மறுக்கவும் உரிமையுள்ளவர் வாழும் கட்டடத்தில் அமைதி கிடைக்கிறது. அங்கே தடைப்பட்டது, கேட்பாரில்லாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. உள்ளூர் மக்களின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும் என்றால், அது மாடியில் இருப்பவருக்கும் சுவரோரத்தில் இருப்பவருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்கு மன்றமும் வாக்கும் விசாரணையுமே வழி; குடியிருப்புச் சங்கத்தின் கடிதம் மட்டும் போதாது.

நம் சங்கக் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கிறோம். நாம் வாழும் ஊரில் நம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம். பிழைக்க வந்த ஊர்தானே என்று பொதுக்கூட்டங்களுக்குப் போகாமல் இருக்க வேண்டாம். அக்கூட்டங்களில் கை தூக்கும்போது, தட்டேந்தித் தூணருகே நிற்பவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்குவோம். பார்த்த பிறகும் அதே பக்கந்தான் தூக்க நேரலாம். ஆயினும் பார்க்காமல் தூக்குவதைவிட அது மேல்.

பாணேருக்குச் செல்பவர்கள் மழைக்காலக் காலையில் செல்லுங்கள். குன்றேறும்போது கையில் ஒரு குடுவைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது போக மிஞ்சினால், வழியில் ஏதேனும் ஓர் இளங்கன்று நின்றுகொண்டிருக்கும்.